அரசியின் வெள்ளைச் சட்டை

1783இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் அரசி மாரி அந்துவானெத்தின் உருவப்படமொன்று வைக்கப்பட்டது. வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர். மெல்லிய வெள்ளை மஸ்லின் சட்டை, வைக்கோல் தொப்பி, கையில் ரோசாப்பூ, நகையொன்றும் இல்லை. உள்ளுடுப்போடு அரசியை வரைவதா என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள். நீலம் போட்டு மினுக்கிய வெள்ளைச் சீருடைக்குள் யார் வீட்டில் பணமென்று தெரியாமலே வளர்ந்த நமக்கு இது வியப்புத்தான். அங்கே, அரசியென்று தெரியாததே குற்றம்.

பிரெஞ்சுப் பட்டைக் கைவிட்டாள் என்றும் ஏசினார்கள். லியோன் நெசவாளரின் பிழைப்பை நினைத்தால் அதை வெறும் வம்பென்று தள்ள என்னால் முடியவில்லை. படம் அகற்றப்பட்டது, அதே ரோசாவுடன், பட்டுடுத்திய அரசியை அவரே மறுபடி வரைந்தார். சட்டையைத்தான் அகற்ற முடியவில்லை: 'அரசியின் சட்டை' என்று பெயர்சொல்லியே இங்கிலாந்துச் சீமாட்டிகள்வரை அதைத் தைத்து உடுத்தார்கள்.