வெள்ளை கோட்டைக் கண்டால் ஏறும் பிரஷர்



போன மாதம் என் மனைவியை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். பிரஷர் 160/95. "பயந்துட்டீங்களாம்மா?" என்று சிரித்துவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து அளந்தால் 126/80. கூடவே எனக்கும் பார்த்தேன். மருத்துவமனையில் 130/80 இருந்த எனக்கு, வீட்டில் மாலையில் 146/90! எது நிஜம்? வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

கையில் பட்டை கட்டிப் பாதரசத்தை ஏற்றி அளக்கும் முறையை 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். அதில் மேல் அழுத்தம் மட்டுமே தெரிந்தது. 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து ஓசையைக் கேட்டால் கீழ் அழுத்தமும் தெரியும் என்று காட்டினார். 1940-ல் அமெரிக்காவில் அய்மன், கோல்ட்ஷைன் என்ற இருவர் நோயாளிகளின் வீட்டு அளவையும் மருத்துவமனை அளவையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் குறைவாக இருந்தது. அதை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1983-ல் மிலான் நகரில் மான்சியா குழுவினர் 48 நோயாளிகளின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து, அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். டாக்டர் கட்டில் அருகே வந்து பட்டையைக் கட்டிய சில நிமிடங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி ஏறியது. ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 75! இந்த ஏற்றத்துக்கும் ஆண், பெண் என்பதற்கும் அங்கே சம்பந்தம் காணப்படவில்லை. 1987-ல் அதே குழு, நர்ஸ் அளந்தால் ஏற்றம் ஏறக்குறைய பாதிதான் என்றும் கண்டது.

1988-ல் நியூயார்க்கில் பிக்கரிங் குழுவினர், பிரஷர் சற்றே அதிகம் என்று சொல்லப்பட்ட 292 பேருக்கு நாள் முழுக்கக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். 21 சதவீதம் பேருக்கு வெளியில் அழுத்தம் சரியாகவே இருந்தது. இவர்களில் பெண்களும் இளையவர்களும் அதிகம். 'வெள்ளை கோட் ரத்த அழுத்தம்' என்ற பெயர் அப்போதுதான் பரவியது. இதற்கு நேர்மாறாக மருத்துவமனையில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் காட்டும் 'மறைந்த பிரஷர்' ஆண்களிடம்தான் அதிகம். புகை பிடிப்பவர்களிடமும் வேலை நெருக்கடி உள்ளவர்களிடமும் கூடுதல். அதாவது, என் கதை!

அப்படியானால் மனைவிக்கு ஒன்றுமில்லையா? அங்கேதான் தவறு செய்கிறோம். 60,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஆய்வின்படி, சிகிச்சை எடுக்காத வெள்ளை கோட் பிரஷர்காரர்களுக்கு, எங்கும் சரியான அழுத்தம் உள்ளவர்களைவிட இதய, ரத்தக் குழாய் நோய் ஆபத்து சுமார் 36 சதவீதம் அதிகம். உடனே மாத்திரை வேண்டும் என்பதல்ல, கண்காணிப்பு வேண்டும். மாரடைப்பு வரும்போது பெண்களுக்கு நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல், குமட்டல், முதுகுவலி, அசதி என்றும் வரலாம். இன்று பிரஷரைப் பார்த்து "பயம்தாம்மா" என்கிறவர்கள், நாளை அதையும் "கேஸ் டிரபிள்தாம்மா" என்று அனுப்பிவிட்டால்?

கல்வராயன் மலையிலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்து இறங்கி, வரிசையில் நின்று, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே கையை நீட்டும் ஒரு அம்மாவுக்கு அந்த நிமிடத்தில் எந்த எண் வரும்? அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரை வீட்டுக்கு வருவது மட்டுமல்ல. வெள்ளை கோட் இல்லாத, தெரிந்த முகமான ஒரு பெண் நம் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார். மிலானில் கண்டதை நம் தெருவில் பயன்படுத்துவது போலத்தான் இது.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலை மாலை இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் பாருங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். மருத்துவமனையில் வரம்பு 140/90 என்றால், வீட்டில் 135/85. அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு நோட்டு. மாத்திரை தொடங்கியது எனக்குத்தான்.

படித்தவர்கள் வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். ஆண்களே, நீங்களும் ஒருமுறை மாலையில் அளந்து பாருங்கள்.