ஓலையிலிருந்து திரைவரை

எமது பாடசாலை நூற்றாண்டு காணும் இவ்வேளையில், பழைய மாணவிகளின் அன்பளிப்பாக ஸ்மார்ட் வகுப்பறை ஒன்றை அமைத்துக் கொடுக்கலாம் என்ற யோசனை சங்கத்தில் முன்வைக்கப்பட்டுள்ளது. நல்ல யோசனைதான். ஆயினும், ஒரு மருந்தை எழுதிக் கொடுக்க முன்னர் அது யாருக்கு, எப்படிப் பலன் தந்தது என்று பார்ப்பது எனது தொழிற் பழக்கம். வகுப்பறைக்கு வந்த கருவிகளையும் அவ்வாறே பார்க்க விரும்புகிறேன்.

எமது வடபுலத்தில் கல்வியை மாற்றிய முதற்பெருங் கருவி அச்சு இயந்திரம். அதற்கு முன்னர் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் எடுத்தனர். ஒரு நூல் வேண்டுமெனில் ஒருவர் இருந்து பிரதி செய்யவேண்டும். 1820 இல் அமெரிக்க மிஷனின் அச்சு வேலைக்காக யாழ்ப்பாணம் வந்த ஜேம்ஸ் கரற் என்பவரை ஆங்கிலேய அரசு தங்க அனுமதிக்கவில்லை. 1834 இல்தான் மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது.

1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டு மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச வேலை தேடி வெளியூர் செல்ல, கிராமங்கள் வைத்தியரின்றி இருப்பதை அவர் கண்டார். 1864 முதல் வகுப்பைத் தமிழில் நடத்தினார். மாணவர்களின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களை ஆக்கினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் இவ்வாறு வெளிவந்தன. அவரிடம் கற்று 60 இற்கும் மேற்பட்டோர் வைத்தியராயினர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மானிப்பாயில் அச்சகம் தொடங்கி 30 ஆண்டுகளின் பின்னரே தமிழில் மருத்துவ வகுப்பு நடந்தது. அதுவரை குறையாயிருந்தது இயந்திரமல்ல. தமிழில் பாடமும், அதை ஆக்குவதற்கு ஒருவர் செலவிடும் காலமுமே.

அச்சின் அருமையை நான் உணர்ந்தது தொண்ணூறுகளில். மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைப்பதரிது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கடந்தகால வினாத்தாள் ஒன்று கிடைத்தால் வகுப்பு முழுவதும் அதைக் கையால் பிரதி செய்தது. அப்படி வந்த இதயப் படமொன்றில் இருகூர் வால்வும் முக்கூர் வால்வும் இடம் மாறியிருந்தன. முதற்பிரதி எழுதியவர் விட்ட பிழையை நாம் எல்லோரும் அழகாக வரைந்து வைத்திருந்தோம். ஆசிரியை ஒருவர் எங்கள் கொப்பிகளைப் பார்த்திராவிடில் அந்தப் பிழையோடே பரீட்சைக்குப் போயிருப்போம். அந்நாட்களைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் எமது பிள்ளைகளுக்கு அந்த வறுமை வேண்டாம்.

அப்படியெனில் கருவியை வாங்கிக் கொடுத்தால் போதுமா? பெரு நாட்டில் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 பாடசாலைகளில் செய்யப்பட்ட ஆய்வு 2012 இல் வெளியானது. கணிதத்திலோ மொழியிலோ பரீட்சைப் புள்ளிகள் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மறுபுறம், டெல்லியில் பாடசாலை முடிந்த பின் நடந்த கணினி வகுப்புகள் பற்றிய ஆய்வு 2019 இல் வெளியானது. அங்கு ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் மட்டத்திலிருந்தே ஹிந்தி மொழியில் பாடம் தொடங்கியது. உதவிக்கு ஆளும் இருந்தார். ஐந்து மாதத்துக்குள்ளேயே கணிதத்திலும் ஹிந்தியிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. இரண்டு இடத்திலும் கணினிதான். வேறுபட்டது பாடமும் அதைக் கொடுத்த முறையுமே.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதை நேரில் கண்டேன். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி; அதுவும் தகப்பன் வேலையால் வந்தபிறகுதான். வட்ஸ்அப்பில் வந்த குறிப்புகளைப் பிள்ளைகள் கொப்பியில் பார்த்தெழுதினர். நாம் விளக்கில் செய்ததை அவர்கள் திரையில் செய்தார்கள். பிழை பார்த்துத் திருத்த ஆசிரியர் அருகில் இல்லை.

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். திரையை வாங்குவோம். ஆனால் நிதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடாதிருப்போம். ஒரு பங்கைத் தமிழில் பாடங்களைத் தயாரிக்கும் ஆசிரியைகளுக்கும், அவர்களின் பயிற்சிக்கும், கருவி பழுதானால் திருத்துவதற்கும் ஒதுக்குவோம். எம்மில் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், வெளிநாடுகளில் கற்பிப்பவர்கள் பலர் உள்ளனர். ஆளுக்கொரு பாடத்தைத் தமிழில் ஆக்கிக் கொடுக்கலாம். இதயப் பாடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்; வால்வுகள் இம்முறை சரியான இடத்தில் இருக்கும்.

நூற்றாண்டு காணும் எம் பாடசாலை வாழ்க, வளர்க!