சென்னைப் புறநகர் மின்சார ரயில்

சென்னைப் புறநகர் மின்சார ரயில் என்பது சென்னை மாநகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் இணைத்து, நாள்தோறும் தொழிலின் நிமித்தம் சென்று மீளும் பிரயாணிகளுக்காக இயங்கும் ரயில் சேவையாகும். இது தெற்கே தாம்பரம், செங்கற்பட்டு, மேற்கே அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி ஆகிய மார்க்கங்களையும், உயர்பாதையில் செல்லும் பறக்கும் ரயிலையும் கொண்டது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தால் வண்டிகளை ஓட்டத் தொடங்கியதே தென்னிந்தியாவில் மின்சார ரயிலின் ஆரம்பம். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உள்ளமையால், நீராவி வண்டிகளைப்போல எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்ட வேண்டிய காலதாமதமின்றி, கடைசி நிலையத்தை அடைந்த வண்டி அப்படியே திரும்பிப் புறப்பட முடிந்தது. அடிக்கடி வண்டி விடுதல் இதனாலேயே சாத்தியமாயிற்று. மாம்பலம் முதல் தாம்பரம் வரையிலான குடியிருப்புகளின் விருத்திக்கு இச்சேவை பெருந்துணை புரிந்தது. 1960களில் இப்பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. 2004இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்று, 1.676 மீட்டர் அகலப்பாதையே எஞ்சியது.

பறக்கும் ரயில் 1995இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, 1997இல் மயிலாப்பூருக்கும், மெதுவாகவே எனினும், 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. இதன் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே தூண்களின்மேல் செல்கிறது. 2015இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கிய மெட்ரோ ரயில் தனி நிர்வாகத்துக்கு உட்பட்டது; பரங்கிமலையில் பிரயாணிகள் புறநகர் வண்டியிலிருந்து அதற்கு மாறிக்கொள்ளலாம்.