மிதிவண்டி வளர்ந்த வரலாறு

மிதிவண்டி ஓட்டக் கற்ற நாளை மறந்தவர் எவரும் இலர். முழங்காலில் அந்நாள் பெற்ற தழும்பே அதற்குச் சான்று. நம் இளமையில், 1987-ஆம் ஆண்டளவில், இந்த ஆசன்சோலில் மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. பெரியவர்கள் ஓட்டும் வண்டியை எடுத்து, ஆசனத்திலிருந்து கால் எட்டாமையால் குறுக்குக் கம்பியின் கீழே காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' அடித்தே நாம் கற்றோம். வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் நம் தமக்கையார். ஒருநாள், "நானும் ஒரு முறை ஏறிப் பார்க்கட்டுமா?" என்று அவர் கேட்டார். "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்றனர் வீட்டார். நாமும் அச்சொல்லையே திருப்பிச் சொன்னோம்.

மிதிவண்டியின் வரலாற்றைப் பார்க்குங்கால், யார் ஏறலாம், யார் ஏறலாகாது என்னும் இக்கேள்வி தொடக்கம் முதலே அதனுடன் வந்திருப்பது புலனாகும்.

1817-இல் ஜெர்மானிய நாட்டு மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார் இரு சக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகள் இல்லை. காலால் தரையை உந்தியே செல்லவேண்டும். 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதிகளைப் பொருத்தினர். பின்னர் வேகத்தை நாடி முன்சக்கரத்தை மிகப் பெரிதாக்கினர். உயரத்திலிருந்து விழுந்தால் தலைக்கே ஆபத்து. நீண்ட பாவாடை அணிந்த பெண்டிர் அதில் ஏறுவது அரிது.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் 'ரோவர்' வண்டியை அமைத்தார். பெல்பாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப், தம் சிறுமகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு குழந்தையின் பொருட்டுச் செய்த பொருள் உலகுக்கெல்லாம் பயன்பட்டது! இவ்விரண்டும் சேர்ந்த பின்னரே மேனாட்டுப் பெண்டிர் பெருந்தொகையாக மிதிவண்டி ஏறினர்.

நம் நாட்டில் தொடக்கத்தில் ஓடியவை பிறநாட்டு வண்டிகளே. விடுதலைக்குப் பின் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், சோனேபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ முதலிய தொழிற்சாலைகள் எழுந்தன. நம் ஊரை அடுத்த கன்யாப்பூரில் அமைந்த சென்-ராலே ஆலையைப் பெரியவர்கள் அறிவர். அது பின்னர் அரசுடைமையாகி, மூடவும்பட்டது. வண்டிகள் பெருகின. தபால்காரர், பால்காரர், அலுவலகம் செல்வோர் யாவரும் ஏறினர். ஆயினும் கிராமத்துப் பெண்டிர் நடந்தே சென்றனர்.

அந்நிலையை மாற்றிக் காட்டியது புதுக்கோட்டை மாவட்டம். 1991-இல் அங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆட்சித் தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிழாக்களில் வண்டி ஓட்டிக் காட்டினர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டிகளிலேயே ஏறினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்த அது வசதியாகவும் இருந்தது.

நம் தமக்கையார் 1989-இல் மணமாகிச் சென்றது அம்மாவட்டத்துச் சிற்றூருக்கே. 1992-இல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "இரண்டு குடம் தண்ணீரை சைக்கிளில் கொண்டுவருகிறேன் தம்பி. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர எனக்கு யாரும் வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தார். அன்று நாம் அடைந்த நாணத்தை இன்றும் மறக்கவில்லை.

பின்னர் அரசுகளும் விழித்தன. தமிழகம் 2001-02-லும், பீகார் 2006-லும், மேற்கு வங்காளம் 2015-லும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வழங்கும் திட்டங்களைத் தொடங்கின. ஐக்கிய நாடுகள் சபை 2018-இல் ஜூன் 3-ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபின், உடல்நலம் கருதி மிதிவண்டி வாங்குவோரும் மிகுந்தனர். பல்லாயிரம் ரூபாய் பெறும் கியர் வண்டிகளை நம் காலனியிலும் காண்கிறோம். மகிழ்ச்சியே.

ஆனால் அன்பர்களே, மகளுக்கு ஐந்து வயதில் ஆசையாக வாங்கித் தந்த வண்டி, அவள் பன்னிரண்டு வயதை எட்டியதும் மாடிப்படியின் கீழே துருப்பிடிப்பதையும் இக்காலனியில் காண்கிறோமே! மகன் மட்டும் ஓட்டிக்கொண்டு திரிகிறான். வண்டியின் காற்றை இறக்கியவர் வேறு யாருமல்லர், நாமே. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவ்வண்டிகளுக்குக் காற்றடித்து, எண்ணெயிட்டு, நம் பெண்மக்களிடம் திருப்பிக் கொடுப்போமாக. பின்னால் பிடித்துக்கொண்டு ஓட இம்முறை நாம் இருப்போம்.