டைட்டானிக்: பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

திரைப்படம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தின் பேச்சைச் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டால், அதில் இரண்டு வகைக் கருத்துகள் கலந்திருப்பதை நீங்கள் அறியலாம். 'படம் நன்றாயிருந்தது', 'நீளம் அதிகம்', 'அழுகை வந்துவிட்டது' என்பன முதல் வகை. இவை சுவை பற்றியவை. இவற்றில் மெய் என்றும் பொய் என்றும் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 'அப்படி நடந்திருக்கவே முடியாது' என்பது இரண்டாம் வகை. இது ஒரு கூற்று. சோதித்துப் பார்த்தால் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 1997ஆம் ஆண்டு வெளிவந்த 'டைட்டானிக்' என்னும் படம் இவ்விரு வகைக் கருத்துகளையும் ஏராளமாகக் கிளப்பியது. முதல் வகைக் கருத்துகள் படத்தை வாழ வைத்தன. இரண்டாம் வகைக் கருத்துகள் வானநூல், இயற்பியல், வரலாறு ஆகிய துறைகளுக்குள் நுழைந்து பல ஆண்டுகள் வழக்காடின. அந்த வழக்குகள் எப்படி முடிந்தன என்று பார்ப்போம்.

வாய்மொழியின் வலிமை

ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் இது. 1997 ஜூலையில் வெளிவர வேண்டியது, டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அதனால் இது பெரும் நட்டத்தில் முடியும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

பொதுவாகப் பெரிய படங்களின் வசூல் முதல் வார இறுதியில் உச்சத்தில் இருக்கும், பின்னர் இறங்கும். டைட்டானிக்கின் கதை வேறு. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 2 கோடியே 86 லட்சம் டாலர் வசூலாயிற்று. அடுத்த வார இறுதியில் அது 3 கோடியே 50 லட்சத்தைத் தாண்டியது. விளம்பரம் மட்டும் இதைச் செய்துவிடாது. பார்த்தவர் பாராதவரிடம் சொன்ன சொல்லே பெருங்காரணம் எனலாம். தொடர்ந்து 15 வாரங்கள் அந்நாட்டில் முதலிடத்தில் நின்ற இப்படம், 1998 மார்ச்சில் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. உலக வசூலில் 100 கோடி டாலரைக் கடந்த முதல் படமும் இதுவே.

இனி, இரண்டாம் வகைக் கருத்துகளுக்கு வருவோம். அதற்கு முன், கப்பலை உண்மையிலேயே கண்ணால் பார்த்தவர்களின் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிறுமி சொன்ன சாட்சி

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. 2 மணி 40 நிமிடங்களில் மூழ்கியது. கப்பலில் இருந்த சுமார் 2,200 பேரில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். உயிர்மீட்புப் படகுகளில் இருந்தபடி எஞ்சியோர் அக்காட்சியைக் கண்டனர். அவர்களே டைட்டானிக்கின் முதல் பார்வையாளர்கள்.

அவர்களுக்குள் ஒரு பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. கப்பல் முழுதாக மூழ்கியதா, இரண்டாக முறிந்து மூழ்கியதா? முறிந்தது என்று பயணிகளும் மாலுமிகளுமாகப் பலர் கூறினர். 17 வயதான ஜாக் தேயர் அப்படிச் சொன்னார். ஏழு வயதுச் சிறுமி ஈவா ஹார்ட் தன் வாழ்நாள் முழுவதும் அதையே சொல்லி வந்தார். ஆனால் உயிர் பிழைத்த கப்பல் அதிகாரிகளுள் மூத்தவரான லைட்டாலர், கப்பல் முறியவில்லை என்று உறுதியாகச் சாட்சி சொன்னார். நிலவில்லாத இரவு, விளக்குகளும் அணைந்துவிட்ட நேரம். யார் சொல்வதை நம்புவது? அமெரிக்க மேல்சபையின் விசாரணையும், மெர்சி பிரபு தலைமையில் நடந்த பிரிட்டிஷ் விசாரணையும் கப்பல் முழுதாகவே மூழ்கியது என்ற முடிவுக்கு வந்தன. 1958இல் வெளிவந்த ஆங்கிலப் படமும் அப்படியே காட்டியது.

1985 செப்டம்பர் 1ஆம் நாள் இந்த வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. ராபர்ட் பாலர்டு, ழான் லூயி மிஷேல் ஆகியோர் தலைமையிலான அமெரிக்க-பிரெஞ்சு குழு, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டது. முன்பகுதி ஓரிடத்திலும், பின்பகுதி அதிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளியும் கிடந்தன. 73 ஆண்டுகளுக்குப் பின், சிறுமியின் சொல்லே மெய் என்று ஆயிற்று!

பதவியில் பெரியவர் சொன்னார் என்பதால் ஒரு கூற்று மெய்யாகிவிடாது. சிறுவர் சொன்னார் என்பதால் பொய்யாகிவிடாது. பெரும்பாலோர் சொன்னார்கள் என்பதும் போதாது. சான்று வேண்டும். இந்த அளவுகோலோடு திரைப்படப் பார்வையாளர்களின் கருத்துகளை அணுகுவோம்.

வானத்தில் ஒரு பிழை

கேமரூன் 1995இல் 12 முறை ஆழ்கடலில் இறங்கி, சிதைந்த கப்பலை நேரில் பார்த்தவர். தட்டு, கரண்டி முதல் தரை விரிப்பு வரை எல்லாம் அசலைப் போலவே இருக்க வேண்டும் என்று உழைத்தவர். கப்பல் முறிவதையும் தம் படத்தில் காட்டினார். ஆகவேதான் பார்வையாளர்கள் சிறு பிழையையும் விடவில்லை. 1912இல் இறக்கும் கதாநாயகன் ஜாக், தான் இளவயதில் விஸ்கான்சின் மாநிலத்து விஸ்ஸோட்டா ஏரியில் மீன் பிடித்ததாகச் சொல்கிறான். அந்த ஏரியோ அணை கட்டியதால் 1917 அளவில் உண்டானது!

நியூயார்க்கு நகரின் ஹேடன் கோளரங்கத்தைச் சேர்ந்த வானியலாளர் நீல் டிகிராஸ் டைசனும் ஒரு பார்வையாளரே. கதாநாயகி ரோஸ் கடலில் மிதந்தபடி அண்ணாந்து பார்க்கும் வானம் தவறானது என்று அவர் கண்டுபிடித்தார். அந்த நாளில், அந்த நேரத்தில், வட அட்லாண்டிக்கின் அவ்விடத்தில் எந்த விண்மீன்கள் தெரிந்திருக்கும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். படத்தில் காட்டிய வானத்திலோ ஒரு பாதி மறு பாதியின் கண்ணாடிப் பிம்பமாக இருந்தது. குற்றச்சாட்டு நிலைத்தது. 2012இல் முப்பரிமாணப் படமாக மீண்டும் வெளியிட்டபோது கேமரூன் அந்த வானத்தை மாற்றினார்.

பலகையில் இருவருக்கு இடம் உண்டா?

எல்லாவற்றையும் விடப் பெரிய வழக்கு இதுதான். ரோஸ் ஒரு மரப்பலகையின் மேல் படுத்திருக்க, ஜாக் நீரில் கிடந்து உறைந்து இறக்கிறான். 'அந்தப் பலகையில் இன்னொருவருக்கு இடம் இருந்ததே!' என்று உலகெங்கும் பார்வையாளர்கள் முறையிட்டனர். அதைக் கதவு என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அது, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள கடல்சார் காட்சியகத்தில் இருக்கும் உண்மையான ஓக் மரத்துண்டு ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. முதல் வகுப்புக் கூடத்தின் வாயில் வேலைப்பாட்டைச் சேர்ந்த துண்டு அது.

இடம் இருந்தது மெய். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இடத்தைப் பற்றியதா, மிதப்பைப் பற்றியதா? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பலகை 2.4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 செண்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 0.24 கன மீட்டர். ஓக் மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ எடையுள்ளது. ஆகவே பலகையின் எடை 168 கிலோ. அது முழுதும் அமிழ்ந்தால் விலக்கும் கடல்நீரின் எடை சுமார் 247 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, பலகை தாங்கக்கூடிய கூடுதல் எடை ஏறத்தாழ 80 கிலோ. ஒருவர் ஏறினால் உலர்ந்து கிடக்கலாம். 120 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால், பலகை நீருக்குள் அமிழும். அவர்கள் உடலில் மூன்றில் ஒரு பங்கு நீரில் நனைந்திருக்கும்.

நனைந்தால் என்ன? அங்கேதான் ஆபத்து. அன்றைய கடல்நீரின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 2 டிகிரி செல்சியஸ். காற்றை விட நீர் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இத்தகைய நீரில் விழுந்தவர் முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சுத் திணறுவார். சுமார் 10 நிமிடங்களில் கைவிரல்கள் சொன்னபடி கேட்கமாட்டா. பின்னர் உடலின் உள்வெப்பம் படிப்படியாக இறங்கி நினைவு தப்பும். டைட்டானிக்கிலிருந்து நீரில் விழுந்தவர்களுள் மிகப் பலர் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருந்தனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் குளிரே.

2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் அறிவியல் நிகழ்ச்சி ஒன்று இதைச் சோதித்தது. ரோஸின் உயிர்காப்பு மேலங்கியைப் பலகையின் அடியில் கட்டினால் இருவரும் மிதக்கலாம் என்று அது காட்டியது. உறைநீரில் மூழ்கி, மரத்துப்போன விரல்களால் முடிச்சுப் போடுவது எப்படி என்பது கேமரூனின் எதிர்வாதம். ஆயினும் 2023இல் அவரே, நடிகர்களை ஒத்த உடல்வாகுள்ள இருவரைக் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கி, உடலில் உணர்கருவிகளைப் பொருத்தி, பல நிலைகளில் சோதனை நடத்தினார். மார்புக்கு மேல் நீருக்கு வெளியே இருக்குமாறு இருவரும் பலகையைப் பற்றிக்கொண்டு, ரோஸ் தன் மேலங்கியையும் கொடுத்திருந்தால், ஜாக் பிழைத்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. 'கூடும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 25 ஆண்டு வழக்குக்குக் கிடைத்த தீர்ப்பு அதுதான். பார்வையாளர்கள் முற்றிலும் சரியில்லை, முற்றிலும் தவறுமில்லை.

ஓர் ஊரின் முறையீடு

ஜாக்கும் ரோஸும் கற்பனை மாந்தர். அவர்களுக்காக வழக்காடுவதில் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் படத்தில் உண்மை மனிதர்களும் உண்டு.

மோதலின்போது பொறுப்பில் இருந்த முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் அவர்களுள் ஒருவர். ஸ்காட்லாந்தின் டால்பீட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர், கப்பலோடு மாண்டவர். படத்திலோ அவர் கையூட்டுப் பெறுகிறார், பயணிகளைச் சுட்டுக்கொல்கிறார், பின் தம்மையே சுட்டுக்கொள்கிறார். அதிகாரி ஒருவர் தம்மைச் சுட்டுக்கொண்டதாகப் பிழைத்தவர் சிலர் எழுதியது உண்டு. அவர் மர்டாக்தான் என்பதற்கு உறுதியான சான்றில்லை. கையூட்டுக் கதைக்குச் சான்று ஏதுமே இல்லை. அவர் படகுகளை இறக்குவதில் ஈடுபட்டிருந்தபோது கடல் அடித்துச் சென்றது என்று லைட்டாலர் அவருடைய மனைவிக்கு எழுதினார்.

டால்பீட்டி மக்களும் மர்டாக்கின் உறவினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களிடம் இருந்தது வசூலும் அல்ல, விருதும் அல்ல. இறந்துபோன ஒருவருடைய நற்பெயர் மட்டுமே. 1998 ஏப்ரலில் படநிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் அவ்வூருக்கே வந்து வருத்தம் தெரிவித்தார். மர்டாக் நினைவாகப் பரிசு வழங்கிவரும் அவ்வூர்ப் பள்ளிக்கு 5,000 பவுண்டு நன்கொடை அளித்தார்.

ஆனால் 2012இல் வானத்தை மாற்ற முடிந்ததைப் போல மர்டாக்கின் காட்சியை யாரும் மாற்றவில்லை. விண்மீன்கள் சரியான இடத்துக்குத் திரும்பிவிட்டன. அந்த அதிகாரியோ ஒவ்வொரு முறை படம் ஓடும்போதும் பணத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். லைட்டாலரும் ஈவா ஹார்ட்டும் மாறுபட்டுச் சொன்னபோது, கடலடியில் கிடந்த இரும்பு வழக்கைத் தீர்த்துவைத்தது. மர்டாக்கின் வழக்குக்கு அப்படி ஓர் இரும்புத் துண்டு கடலடியில் இல்லை. சான்று இல்லாத இடத்தில், குற்றம் சாட்டாமல் இருப்பதே வரலாற்றுக்கு அழகு. அடுத்த முறை இப்படத்தைப் பார்க்கும்போது, பலகையைப் பற்றி வாதாடுங்கள்; கணக்கும் போட்டுப் பாருங்கள். மர்டாக் திரையில் தோன்றும்போது மட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் அந்த ஊரின் கதையையும் சொல்லுங்கள்.