இரத்தம் ஏற்றும் நாளும் தாயின் லீவுக் கணக்கும்

கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். குருநாகல் தேசிய தலசீமியா நிலையமானாலும் வேறு அரச வைத்தியசாலையானாலும் சிகிச்சை இலவசம். தாய் இழக்கும் வேலைநாளுக்கு மட்டும் யாரும் ஈடு செய்வதில்லை.

வருடத்துக்கு 13 முதல் 17 நாட்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் தாய்க்கு 7 நாள் கெசுவல் லீவும் 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. மொத்தம் 21. போதும் போலத் தோன்றும். இரத்தப் பொருத்தம் பார்க்க முன்கூட்டியே ஒரு பயணம், உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்துக்காக கண், காது பரிசோதனை, இடையில் ஒரு காய்ச்சல், குடும்பத்தில் ஒரு மையித்து என்று வந்தால் மிச்சம் ஏது?

வேலையில் சேரும் முதல் வருடம் இன்னும் இறுக்கமானது. இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம் கெசுவல் லீவு மட்டுமே. வருடாந்த லீவு அடுத்த வருடத்தில்தான். ஆகவே ஒருமுறை வேலையை விட்ட தாய் புதிய இடத்தில் மீண்டும் தொடங்குவது மிகக் கடினம். பல ஆடைத் தொழிற்சாலைகளில் லீவு எடுத்தால் வருகைக் கொடுப்பனவும் வெட்டுப்படும். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு 41 நாள் லீவு இருக்கிறது. நான் கண்டவரை, இத்தகைய பிள்ளைகளின் தாய்மாரில் தொழிலில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் அரச ஊழியர்களே.

பிரசவத்துக்கு 84 நாள் லீவு தரும் சட்டம், அந்தப் பிள்ளை நீண்டகால நோயாளியானால் தனியார் துறைத் தாய்க்கென்று தனி லீவு எதையும் வைக்கவில்லை.

"பிள்ளைதானே முக்கியம், வேலையை விடு" என்று குடும்பத்தார் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளத்தோடு தொழில்தருநர் கட்டும் 12 வீத ஊழியர் சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் நின்றுபோகின்றன. வீட்டிலிருந்து தைத்துச் சம்பாதிப்பவருக்கு அவை இல்லை. வாப்பா கட்டாரில் இருந்தால் கிளினிக் தாயின் தலையில்தான். ஊரில் இருக்கும் வாப்பாமார் என்ன செய்கிறார்கள்? 13 நாளை இருவரும் பிரித்தால் ஒருவருக்கு ஆறரை நாள்தான்.

சட்டம் மாறும்வரை முதலாளிமாரும் அதிபர்மாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரத்தம் ஏற்றும் திகதி ஓரளவு முன்பே தெரிந்தது. கிளினிக் கொப்பியைப் பார்த்து மாத ஆரம்பத்திலேயே அந்த நாளுக்கு மாற்றாளை ஒழுங்கு செய்யலாம். சனிக்கிழமை வேலையால் அதை ஈடு செய்யவும் விடலாம்.