765 குழந்தைகளும் ஒரு சின்ன சங்கமும்

இரண்டாம் உலகப்போர் சமயத்துல, 1942-ல, போலந்து அகதிக் குழந்தைகளுக்கு ஜாம்நகர் மகாராஜா பாலாச்சடியில் இடம் கொடுத்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே இதே மாதிரி இன்னொரு கதை நடந்திருக்கு. அதுல ஹீரோ ராஜா இல்லை, ஒரு சங்கம்.

முதல்ல, சைபீரியாவுக்கு போலந்துக்காரங்க எப்படிப் போனாங்க? 1795-லிருந்து 1918 வரைக்கும் போலந்துன்னு ஒரு நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. 1863-ல ஜார் மன்னருக்கு எதிரா கலகம் செஞ்சவங்களை ஆயிரக்கணக்கில் சைபீரியாவுக்கு நாடு கடத்தினாங்க. அப்புறம் ரயில் பாதை போட வந்த இன்ஜினியர்கள், தொழிலாளிகள். 1915-ல ஜெர்மன் படை முன்னேறினப்போ கிழக்கே ஓடி வந்த அகதிகள். ஆக லட்சம் பேருக்கு மேல அங்கே இருந்தாங்க.

1917-ல புரட்சி. அடுத்து உள்நாட்டுப் போர். 1918-ல போலந்து மறுபடி பிறந்தாச்சு, ஆனா திரும்பிப் போகத்தான் வழியில்லை. நடுவுல முழுக்க போர்க்களம். 1919 நவம்பரில் ஓம்ஸ்க் நகரம் செம்படை வசம் விழுந்ததும், கொல்சாக்கின் வெள்ளைப் படையோட சேர்ந்து பொதுமக்களும் ரயில்களில் கிழக்கே ஓடினாங்க. பசி, குளிர், டைஃபஸ் காய்ச்சல். அங்கேயே உருவான போலிஷ் படைப்பிரிவும் 1920 ஜனவரியில் கிராஸ்னோயார்ஸ்க் பக்கத்துல பெரும்பாலும் சரணடைஞ்சுது. அதோட இவங்களைக் காப்பாத்த ஆளே இல்லாம போச்சு.

இந்தக் களேபரத்துக்கு நடுவுலதான், 1919-ல விளாடிவோஸ்டாக் துறைமுகத்தில் அங்கிருந்த போலந்துக்காரங்க ஒரு மீட்புக் குழு ஆரம்பிச்சாங்க. தலைவர் அன்னா பியெல்கியெவிச், துணைத் தலைவர் யூசெஃப் யாகுப்கேவிச் என்ற இளம் டாக்டர். எல்லாரையும் காப்பாத்த முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால ஒரே முடிவு: குழந்தைகள் முதல்ல. அனாதைக் குழந்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்தாங்க. சில இடத்துல உயிரோட இருந்த பெற்றோரே பிள்ளையை ஒப்படைச்சிருக்காங்க. அந்த நிமிஷத்தை நினைச்சுப் பாருங்க.

சேர்த்தாச்சு, எங்கே அனுப்புறது? 1920-ல போலந்தும் சோவியத்தும் நேரடியா மோதிக்கிட்டிருந்ததால மேற்கே ரயில் கனவுதான். அந்த ஜூன் மாசம் அன்னா அம்மையார் டோக்கியோவுக்கே போய் வெளியுறவுத் துறையில் மனு கொடுத்தார். 17 நாளில் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் சரின்னு சொல்லிடுச்சு! ஜப்பான் படை அப்போ சைபீரியாவில் இருந்தது, உலகத்துகிட்ட நல்ல பெயர் வாங்குற கணக்கும் அவங்களுக்கு இருந்திருக்கும். இருக்கட்டுமே, பிழைச்ச பிள்ளை பிழைச்சதுதானே.

1920-21-ல 375 பேர் டோக்கியோவுக்கு, 1922-ல 390 பேர் ஒசாகாவுக்கு. டைஃபாய்டு வந்த குழந்தைகளைப் பார்த்துக்கிட்ட மட்சுசாவா ஃபுமி என்ற நர்ஸ் தானும் அதே நோயில் 1921-ல இறந்துபோனார். முதல் குழு அமெரிக்கா போச்சு. அங்கே இருந்த போலிஷ் அமைப்புகள் கவனிச்சுக்கிட்டு, பிறகு போலந்துக்கு அனுப்பி வெச்சாங்க. இரண்டாவது குழு கோபேயில் கப்பலேறி லண்டன் வழியா ஊர் போய்ச் சேர்ந்தது. நிறைய பேர் அதுவரைக்கும் பார்த்தே இராத சொந்த ஊர்!

சங்கம்னாலே வருஷத்துக்கு ஒரு விழா, ஒரு மலர், ஒரு தேர்தல் சண்டைன்னு நாம கிண்டல் பண்றோம். ஆனா அரசாங்கமே இல்லாம போற நாளில், எந்தத் தெருவுல யார் வீட்டுப் பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சவங்க இந்த மாதிரி ஆளுங்கதான். புரட்சி வரலாறுன்னு எடுத்தா லெனின், டிராட்ஸ்கி, கொல்சாக்னு பக்கம் பக்கமா இருக்கு. பியெல்கியெவிச்சுக்கு ஒரு வரி கிடைச்சா அதிகம்.

கோபேக்காரங்க மறக்கலை, போலந்தும் மறக்கலை. 1995-ல கோபேயில் பூகம்பம் வந்தப்போ, பாதிக்கப்பட்ட குழந்தைகளை போலந்து விருந்தாளிகளா அழைச்சு வெச்சுக்கிட்டது.

மஞ்சூரியாவில் ஹார்பின் நகரத்துலயும் 1907-லிருந்தே ஒரு போலிஷ் சங்கம் இருந்தது. அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.